அடிக்குறிப்பு இருநூற்றுப் பதினான்கு

டோம்னிக்கா ரோத்தாரு ஐரோப்பிய மனித உரிமைச் சட்டத்தின் வரலாற்றில் அழியாத இடம் பெற்றவள் என்பது டோம்னிக்காவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்தவை இரண்டே விஷயங்கள். தன் கணவன் இலாரியோன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அதை இன்று மாலை நான்கு மணிக்குள் யாராவது ஒருவர் ஒரு தாளில் எழுதியாக வேண்டும்.

அதற்காகத்தான் இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து, முட்டைக்கோஸ் அடைத்த பிளசிந்தா ரொட்டியை மூன்று வேளையும் தின்று, அக்டோபர் தூறலில் நனைந்தபடி ஸ்ட்ராஸ்பூர்குக்கு வந்து சேர்ந்திருந்தாள். ரைன்கரை மனித உரிமைச் சட்ட ஆய்வு மையத்தின் வாசலில் டிராம் நின்றது. பதிவு மேசைக்குப் பின்னால், சீப்பு வைத்துக் கோடு போட்டதுபோல் தலை வாரிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பேரு, மதாம்?"

"டோம்னிக்கா ரோத்தாரு."

"எந்தப் பல்கலைக்கழகம்?"

"பள்ளிக்கூடம். அங்க சமையல் பண்றேன்."

அந்தப் பெண் பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தாள். "அப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

டோம்னிக்கா அவள் தலைக்கு மேலே தொங்கிய பதாகையைக் காட்டினாள். 'இசட் எதிர் அரசு: ஒரு தீர்ப்பின் பத்தாண்டு வெற்றி' என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒல்லியாக, உயரமாக, காற்றில் துணி பறக்க நிற்கும் ஒரு பெண்ணின் நிழலுருவம்.

"அந்த இசட் நான்தான்."

யாரோ நடுக்கூடத்தில் துணியை அவிழ்த்துவிட்டதுபோல் அந்தப் பெண் பதறினாள். "மதாம்! அப்படிச் சொல்லவே கூடாது. இசட் யாருன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு நீதிமன்ற உத்தரவே இருக்கு."

"அந்த உத்தரவு யாரைப் பாதுகாக்க?"

"இசட்டை."

"நான்தானே இசட்?"

"அதைத்தான் சொல்லாதீங்கங்கிறேன். நீங்க இசட்டா இருந்தா, வெளிய சொல்றது உங்க உரிமைக்குக் கேடு. இசட் இல்லைன்னா, அவங்க உரிமைக்குக் கேடு. எப்படிப் பாத்தாலும் நான் காதுல வாங்கக்கூடாது." அவள் உண்மையிலேயே ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

கழுத்தில் மாட்டும் அட்டைகள் அங்கே வண்ண வண்ணமாக இருந்தன. நீதிபதிக்கு நீலம், பேராசிரியருக்குப் பச்சை, அரசுத் தரப்புக்கு மஞ்சள், தொண்டு நிறுவனத்துக்கு ஆரஞ்சு. வழக்குப் போட்டவருக்கென்று ஒன்று இல்லை. கடைசியில் விதிப்புத்தகத்தைப் புரட்டி, அடி இழுப்பறையில் கையை விட்டுத் துழாவி, ஓரம் பழுத்துப்போன ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, தூசி தட்டி நீட்டினாள். 'பொதுமக்கள்' என்று அதில் இருந்தது.

கோட்டு மாட்டும் இடத்தில் இருந்த ஒடீல் அந்த அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுபது வயது, பெருத்த உடம்பு, பிரெஞ்சுப் பேச்சில் அந்த ஊர்ப்பக்கத்து அல்சாஸ்காரர்களின் இழுவை.

"பொதுமக்களா? நெசமாவா? இருபது வருஷமா இங்க கோட்டு மாட்டுறேன், இப்பத்தான் ஒண்ணைக் கண்ணால பாக்குறேன். எங்க, திரும்பு பாப்போம். நம்மளை மாதிரிதான் இருக்கு!"

டோம்னிக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பள்ளியில் படித்த பிரெஞ்சைக் கூட்டிச் சேர்த்து விஷயத்தைச் சொன்னாள்.

இலாரியோன் டிராலிபஸ் ஓட்டியவன். பனிக்காலத்தில் கூரையிலிருந்து விழுந்ததில் தலையில் அடி. பிழைத்துக்கொண்டான். ஆனால் பேச்சு வர நேரமானது. காலை வணக்கத்துக்கு மத்தியானம் பதில் சொல்வான். டோம்னிக்கா அதற்குப் பழகிக்கொண்டாள். கல்யாணமான புதிதிலும் அவன் அப்படித்தான் இருந்தான் என்று கேலிகூடச் செய்வாள். வீட்டின்மேல் கண்வைத்திருந்த அவன் அண்ணன் பழகவில்லை. தம்பிக்குச் சுயபுத்தி இல்லை என்று எழுதி வாங்கினான். சுயபுத்தி இல்லாதவனுக்குக் கல்யாணம் எப்படிச் செல்லும் என்று அதையும் ரத்து செய்தார்கள். அவனைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே உறவினர்களுக்கு மட்டும் அனுமதி. அவள் இப்போது உறவு இல்லை.

அவள் வழக்குப் போட்டாள். ஆறு வருஷம் கழித்து ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தாள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ உரிமை உண்டு என்று ஒருமனதாகத் தீர்ப்பு. அது நடந்து பத்து வருஷம் ஆகிறது. ஞாயிறுதோறும் காப்பகத்துக் கம்பிவேலிக்கு வெளியே அவள் நிற்பாள், உள்ளே அவன் நிற்பான். நான்கு வருஷத்துக்கு முன் அந்த வேலி இருந்த இடத்தில் யாரோ சுவர் எழுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. தீர்ப்பு நிறைவேறியதா என்று பார்க்கும் கண்காணிப்புக் குழு நாளைக் காலை இந்த வழக்கைக் கோப்பு கட்டி மூடப்போகிறது. ஆய்வு மையத்தின் கருத்துரையை வைத்துத்தான் மூடும். அதன் வரைவும் கடிதத்தோடு இருந்தது. கருத்துரை இன்று மாலை நான்கு மணிக்கு நிறைவேறும். மூடிவிட்டால் பிறகு இலாரியோனைப் பற்றி எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒடீல் மூக்கைச் சிந்தினாள். "அதோ, வெள்ளைத்தலை. அதான் டைரக்டர், வெண்ட்லிங். காப்பி நேரத்துல பிடி. கையில கப்பு இருந்தா அந்த ஆளால ஓட முடியாது."

அவள் சொன்னபடியே கப்பும் கூகல்ஹோப் கேக்குமாக நின்ற பேராசிரியர் வெண்ட்லிங்கை டோம்னிக்கா பிடித்தாள். அவர் நல்ல மனிதர். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"உங்க கருத்துரையில முப்பத்தோராவது பத்தி, ம்ஸ்யூ. 'கணவனும் மனைவியும் சேர்ந்து வாழத் தடையேதும் இல்லை'ன்னு போட்டிருக்கு. அவர் இன்னும் வீட்டுக்கே வரலை. அதை மட்டும் எழுதுங்க. ஒரே ஒரு வரி."

"தாராளமா எழுதலாம், மதாம். மேற்கோள் எது?"

"புரியலை."

"எங்க கருத்துரையில ஆதாரம் இல்லாம ஒரு வாக்கியம் நிக்காது. இப்ப வரைக்கும் இருநூத்திப் பதிமூணு அடிக்குறிப்பு இருக்கு. அவர் வீட்டுக்கு வரலைன்னு எந்த ஆய்வுக் கட்டுரை சொல்லுது? எந்த இதழ், எந்தப் பக்கம்?"

"நான் சொல்றேன். வீட்டுல நான்தானே இருக்கேன்."

வெண்ட்லிங் இரக்கத்தோடு கண்ணைத் திறந்தார். "நீங்க பிரசுரமாகலையே, மதாம்."

ஆனாலும் அவர் கைவிடவில்லை. இசட் வழக்கில் கரைகண்டவளான டாக்டர் அன்னெலோர் வாண்டெபுட்டைக் கூப்பிட்டுவிட்டார். பெல்ஜியத்து ஃபிளாந்தர்ஸ்காரி, முப்பத்தைந்து வயது, இசட் தீர்ப்பின்மேல் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு முனைவர் பட்டம் வாங்கியவள். விஷயத்தைக் கேட்டதும் டோம்னிக்காவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஏழு வருஷமா உங்களோடதான் வாழ்ந்திருக்கேன். ஆனா உங்களை இன்னும் ஒல்லியா நினைச்சிருந்தேன்."

"மன்னிச்சுக்கம்மா" என்றாள் டோம்னிக்கா.

வாண்டெபுட் மடிக்கணினியைத் திறந்து தேடினாள். இந்தத் தீர்ப்பைப் பற்றி நாற்பத்தொரு கட்டுரைகள், ஆறு முனைவர் பட்டங்கள், இரண்டு நூல்கள். அரசுகள் தாமே தீர்மானித்துக்கொள்ளும் வரம்பு எங்கே முடிகிறது என்று பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். முப்பது பேர் அவர்களை மறுத்திருந்தார்கள். அரை மணி நேரம் தேடியும் இலாரியோன் வீட்டுக்கு வந்தானா இல்லையா என்று ஒரு வரி இல்லை.

"யாருமே கேக்கலையா?"

"அது சட்டக் கேள்வி இல்லையே." வாண்டெபுட் நகத்தைக் கடித்தாள். "வெறும் தகவல்."

"உங்க அறுநூறு பக்கத்துல?"

"என்னோடது தீர்ப்பு வந்த தேதியோட முடியுது." பிறகு அவள் முகம் மலர்ந்தது. "நானே உங்களைப் பேட்டி எடுத்துப் பிரசுரம் பண்றேன்! நெறிமுறைக் குழு அனுமதிக்குப் பதினெட்டு மாசம். இதழ்ல வர ரெண்டு வருஷம். ஆனா நீங்க இசட்டுங்கிறதை அதுல சொல்ல முடியாது. 'ஒரு சமையல்காரரின் பார்வை'ன்னு போடலாம்."

"இன்னிக்கு நாலு மணி" என்றாள் டோம்னிக்கா.

"முடிஞ்சதைப் பண்றேன். வாங்க, அடுத்த அமர்வு உங்களுக்குப் பிடிக்கும்."

அடுத்த அமர்வின் பெயர் 'விண்ணப்பதாரரின் குரல்'. உயரமான ஆய்வு மாணவி ஒருத்தி மேடை ஏறி, நெஞ்சில் கைவைத்து, இசட்டின் வாக்குமூலத்தை வாசித்தாள். "எனது உறவுசார் தன்னாட்சி சிதைக்கப்பட்டது. எனது அன்றாடத்தின் கண்ணியம் கேள்விக்குள்ளானது."

டோம்னிக்கா திகைத்துப்போனாள். அவள் அன்று சொன்னது வேறு. சூப் ஆறிவிட்டால் இவர் குடிக்கமாட்டார், அங்கே யார் சுடவைத்துக் கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தாள். எழுந்து கையைத் தூக்கினாள். "ஐயா, நான் அப்படிச் சொல்லவே..."

அமர்வுத் தலைவர் மணியைத் தட்டினார். "விண்ணப்பதாரரின் குரலில் தயவுசெய்து யாரும் குறுக்கிடாதீர்கள்."

மத்தியானம் வெண்ட்லிங்கின் தலைமையுரை. "நமது மனித உரிமை உடன்படிக்கை உயிருள்ளது. அது மூச்சு விடுகிறது, வளர்கிறது, காலத்துக்கேற்ப மாறுகிறது. சிலர் கேட்கிறார்கள், தீர்ப்பால் அந்த மனிதருக்கு என்ன கிடைத்தது என்று. நண்பர்களே, தீர்ப்பு என்பது ஒரு மனிதரை விடுவிப்பது அல்ல. ஒரு கோட்பாட்டை விடுவிப்பது. மனிதர் விடுபட்டால் ஒரு வீடு நிறையும். கோட்பாடு விடுபட்டால் நூலகம் நிறையும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. வெளியே போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் டோம்னிக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால்.

அடுத்து அவள் நாட்டு அரசின் பிரதிநிதி செர்ஜு போஸ்தான். பத்து வருஷத்துக்கு முன் நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராக வாதாடித் தோற்றவன். தோற்ற தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பும் அவனுக்கே வந்தது, அதனால் பதவியும் உயர்ந்திருந்தது. நடைபாதையில் எதிர்ப்பட்டவன் இரண்டு கையையும் விரித்தான்.

"அடடே, விண்ணப்பதாரரே! வாங்க, வாங்க. இளைச்சுட்டீங்களே."

"செர்ஜு, நீங்களாவது சொல்லுங்க. அவர் இன்னும் உள்ளதான் இருக்கார். உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியறதுக்கும் அரசாங்கத்துக்குத் தெரியறதுக்கும் நடுவுல நாலு இலாகா இருக்கும்மா. என் பேச்சைக் கேளுங்க, சந்தோஷப்படுவீங்க."

மேடையில் அவன் குரலே வேறாக இருந்தது.

"இத்தீர்ப்பை நிறைவேற்ற எமது அரசு பதினேழு நடவடிக்கைகள் எடுத்துள்ளது. தீர்ப்பை மொழிபெயர்த்தோம். ஈரம் படாதபடி லாமினேஷன் செய்தோம். ஒவ்வொரு காப்பகத்திலும் ஒவ்வொரு கட்டிலுக்கும் எதிரே மாட்டினோம். ஒருவர் கண்விழித்தால் முதலில் காண்பது அவரது உரிமையைத்தான். பணியாளர்களுக்கு நாற்பது பயிற்சி வகுப்புகள் நடத்தினோம். வகுப்பு நாட்களில் விடுதியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பூட்டவேண்டியிருந்தது. எனவே புதிய பூட்டுகள் வாங்கினோம். முழுக்க ஐரோப்பியத் தரம்."

சிலர் எழுதிக்கொண்டார்கள்.

"தீர்ப்பின் எழுபத்திரண்டாம் பத்தி உள்ளே இருப்போரின் அந்தரங்கத்தை வலியுறுத்துகிறது. ஒரு காப்பகத்தில், யாரோ ஒரு பெண்மணி ஞாயிறுதோறும் வேலிவழியாக உள்ளே எட்டிப் பார்ப்பதாகப் புகார் வந்தது. நாங்கள் தாமதிக்கவில்லை. வேலியை அகற்றி மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பினோம். அந்தச் சுவருக்கு இசட் சுவர் என்றே பெயர் சூட்டியிருக்கிறோம்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நான்கு வருஷமாக அந்தச் சுவரின் செங்கல்லில் நெற்றியை வைத்து நின்றவள் டோம்னிக்கா. கட்டியது யார், எதற்கு என்று அவளுக்குத் தெரியாமலே இருந்தது. வரம் வாங்கியவள் தலையிலேயே அந்த வரம் கைவைத்திருக்கிறது. எல்லோரும் எழுந்து நின்றதால் அவள் நிற்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"இப்போது ஓர் இன்ப அதிர்ச்சி. அந்தக் காப்பகத்திலிருந்தே நேரடி இணைப்பு!"

பெரிய திரை வெளுத்தது. ஓர் அறை தெரிந்தது. சாம்பல்நிறச் சுவர், பளபளக்கும் ஒரு தீர்ப்பு. அதன் பக்கத்தில், யாருடையதோ ஒரு தொளதொளத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இலாரியோன் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. பேச்சுப் பயிற்சியாக அவன் தினமும் தீர்ப்பையே வாசிப்பதாகவும், மூன்று வருஷத்தில் எண்பத்தேழாம் பத்திவரை வந்துவிட்டதாகவும் போஸ்தான் பெருமையோடு சொன்னான்.

இலாரியோன் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். அவன் உதடு அசைய அசைய அரங்கத்தினரின் காதுக்கருவியில் மொழிபெயர்ப்பு ஓடியது.

"இந்த... நீதிமன்றம்... ஒருமனதாக... அவர் தன்... மனைவியுடன்..."

அரங்கத்தில் யாரோ விசும்பினார்கள். இலாரியோன் நின்றுவிட்டான். அங்கே அவன் எதிரே இருந்த திரையில் இந்த அரங்கம் தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான முகங்களில் அவன் எதையோ தேடினான். வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டான்.

"டோம்னிக்கா, முடியை... வெட்டிட்டியா?"

அவள் நாற்காலிகளை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். "வெட்டிட்டேன். அடுப்படியில தொந்தரவா இருந்துச்சு. நல்லாயில்லையா?"

அவன் யோசித்தான். இருநூற்றுப் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நல்லா... இருக்கு. நான்... எப்ப..."

திரை அணைந்தது. இணைப்பைப் பிடுங்கியவர் வெண்ட்லிங்தான். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "நண்பர்களே, பதற வேண்டாம். விண்ணப்பதாரரின் பெயர் அரங்கில் ஒலித்துவிட்டது. கடுமையான உரிமை மீறல். நல்லவேளை, தடுத்துவிட்டோம். யாரும் எதுவும் கேட்கவில்லை என்று பதிவு செய்கிறோம்."

"போடுங்க! திரும்பப் போடுங்க! அவர் கேட்டுக்கிட்டே இருக்கார், நான் பதில் சொல்லலை! அவர் பதிலுக்குக் காத்துக்கிட்டு நிப்பார்யா!" டோம்னிக்கா திரையைக் கையால் அறைந்தாள். குறிப்பெடுப்பவர் 'பொதுமக்கள் தரப்பில் நெகிழ்ச்சி' என்று எழுதினார்.

நான்கு மணிக்குக் கருத்துரை வாசிக்கப்பட்டது. முப்பத்தோராம் பத்தியில் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் அதன் கடைசிச் சொல்லின் தலையில் ஓர் எண் புதிதாக ஏறியிருந்தது. வாண்டெபுட் கண்ணீரோடு அவள் தோளைத் தொட்டாள். "பாத்தீங்களா, போராடி வாங்கிட்டேன். உங்க அடிக்குறிப்பு!"

வெண்ட்லிங் வாசித்தார். "அடிக்குறிப்பு இருநூற்றுப் பதினான்கு. தம்பதியர் குடும்ப வாழ்வை மீண்டும் தொடங்கி, வீட்டு விவகாரங்கள் குறித்து நாற்பத்தாறு வினாடிகள் உரையாடினர். ஆதாரம்: இந்த மாநாடு. நேரில் கண்டோர் இருநூற்றுப் பத்து அறிஞர்கள்."

"நான் கேட்டது அது இல்ல!" டோம்னிக்காவின் குரல் உடைந்தது. "அவர் வீட்டுக்கு வரலைன்னு எழுதச் சொன்னேன்!"

"அதைப் பார்த்தவர் நீங்க ஒருத்தர், மதாம்" என்றார் வெண்ட்லிங் கனிவாக. "இதைப் பார்த்தவங்க இருநூத்திப் பத்துப் பேர்."

ஏகமனதாக நிறைவேறியது. பக்கத்துக் கூடத்தில் ரீஸ்லிங் ஒயின் பாட்டில்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. நாளைக் காலை கண்காணிப்புக் குழு பதினைந்தாவது விஷயமாக அதை எடுத்து, படித்து, மூடும்.

கோட்டு மாட்டும் இடத்துக்கு டோம்னிக்கா எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒடீல் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து முதுகைத் தடவினாள். அப்போது போஸ்தான் டோக்கனை நீட்டிக்கொண்டு வந்தான். ஒடீல் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அவன் கோட்டை மற்ற கோட்டுகளுக்குப் பின்னால் ஆழமாகத் தள்ளினாள்.

"காணோமே, ம்ஸ்யூ. தேடணும். அதுவரைக்கும் இந்தப் பொதுமக்களோட பேசிக்கிட்டிருங்க."

அவன் தர்மசங்கடமாக நின்றான். டோம்னிக்கா நிமிர்ந்தாள். அவள் அழவில்லை. பள்ளிச் சமையலறையில் நாளைக்கு எத்தனை கிலோ உருளைக்கிழங்கு என்று கேட்பதுபோல் தங்கள் மொழியில் கேட்டாள்.

"செர்ஜு, ஒருத்தரை அங்க உள்ள சேக்க என்ன செய்யணும்?"

"யாரை?"

"என்னை."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குச் சுயபுத்தி இல்லைன்னு எழுதிக் குடுங்க, நானே கையெழுத்துப் போடறேன். தலையில அடிபடணும்னா படவச்சுக்கறேன். அவரால வெளிய வர முடியலைன்னா நான் உள்ள போயிடறேன். கட்டில் வேண்டாம், கீழ படுத்துக்கறேன். சமைக்கத் தெரியும். சூப்பைச் சுடவச்சுக் குடுத்துக்கிட்டு ஒரு மூலையில கிடக்கறேன். கோப்பைத் திறக்க முடியாது, சரி. ஒரு கதவைத் திறக்க முடியுமில்ல? பூட்டுதானே வாங்கினீங்க, சாவியும் இருக்குமில்ல?"

போஸ்தான் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அட்டை மாட்டிய யாரும் அருகில் இல்லை. அவன் தோள் தொய்ந்தது. பத்து வருஷத்தில் முதல்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், குரல் வெளியே கேட்காதபடி.

"அது ஆம்பளைங்க காப்பகம், டோம்னிக்கா. பொம்பளைங்களோடது வேற ஜில்லாவுல இருக்கு."